ஊர்ப் பெயர் எழுதாத மொய்

மொய் நோட்டில் முதலில் எழுதுவது ஊர்ப் பெயரை. அதற்கப்புறம்தான் ஆளின் பெயர், கடைசியாகத் தொகை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கிற வட்டாரத்தில் ஊர்ப் பெயர் இல்லாமல் எழுதிய மொய்யைத் திருப்பிச் செய்யவே முடியாது. யாருக்கென்று செய்வது? அதனால் எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊரு?"

2022 மே மாதம் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம் ஒரு டீக்கடையில் மொய் விருந்து நடந்தது. கறி இல்லை, இலை இல்லை. விருந்து என்பது ஒரு டீதான். குடித்துவிட்டு முடிந்ததைப் போட்டுவிட்டுப் போகலாம். சேர்ந்த காசு இலங்கையில் பொருளாதார நெருக்கடியில் மாட்டிக்கொண்ட மக்களுக்கு. அந்தக் கடைக்காரர் முந்தைய வருஷம் கொரோனா நிவாரணத்துக்கும் இதே மாதிரி டீ விருந்து வைத்தவர். செய்தி ஒரு நாள் ஓடியது. எல்லோரும் 'நெகிழ்ச்சி' என்று தலைப்புப் போட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அந்தச் செய்தியில் உறுத்தியது 'மொய்' என்ற சொல். நன்கொடை என்று சொல்லியிருக்கலாம். உண்டியல் வசூல் என்று சொல்லியிருக்கலாம். மொய் என்றால் திரும்பி வரவேண்டிய பணம். கொழும்பிலோ ஹட்டனிலோ இருக்கிற ஒருவர் ஆலங்குடிக்கு வந்து எப்படி மொய் முடிப்பார்? முடிக்க மாட்டார் என்று கடைக்காரருக்கும் தெரியும், டீ குடித்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அதை மொய் என்றே சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெளியூர்க்காரர்களுக்கு மொய் விருந்து பற்றிக் கொஞ்சம் விளக்கவேண்டும். கல்யாணத்தில், காதுகுத்தில் மொய் எழுதுவது தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் மொய் வாங்குவதற்காகவே ஒரு விருந்து வைப்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்திலும், அதை ஒட்டிய தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரத்திலும்தான் இத்தனை பெரிதாக வளர்ந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அணவயல், சேந்தன்குடி என்று ஊர் ஊராகப் போகும். ஆடியும் ஆவணியும் சீசன். ஆடியில் கல்யாணம் கிடையாது, பந்தல்காரரும் சமையல்காரரும் சும்மா இருப்பார்கள், ஊரே சாப்பிட வரும்.

தொடக்கத்தில் காதணி விழா என்று ஒரு சாக்கு இருந்தது. பிறகு சாக்கு தேவைப்படவில்லை. தனியாக விருந்து வைத்தால் செலவு அதிகம் என்று நாலைந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்க ஆரம்பித்தார்கள். பந்தலுக்குள் ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு பாத்திரம். யாருக்கு எழுத வந்தீர்களோ அந்த மேஜையில் எழுதிவிட்டு, பொதுவான பந்தியில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஒருவர் ஒரு முறை வைத்தால் அடுத்த முறை வைக்க சுமார் ஐந்து வருஷம் ஆகும். இடையில் தனக்கு எழுதியவர்கள் வைக்கிற விருந்துக்கெல்லாம் போய்த் திருப்பி எழுதவேண்டும். ஆயிரம் வாங்கியிருந்தால் ஆயிரத்தை மட்டும் திருப்பினால் கணக்கு முடிந்துவிடும், உறவும் முடிந்த மாதிரி. மேலே ஒரு ஐந்நூறு சேர்த்து எழுதினால் அது 'புது நடை'. இப்போது அவர் உங்களுக்குக் கடன்பட்டவர். சக்கரம் சுற்றும்.

வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. நோட்டில் இருக்கிற ஒரு வரிதான் ஆதாரம். இந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், போர் போட்டவர்கள், பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள், வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். 2019இல் வடகாட்டில் ஒரே ஒரு விவசாயிக்குச் சுமார் 4 கோடி ரூபாய் மொய் விழுந்ததாகச் செய்தி வந்தபோது ஊருக்கு வெளியே இருந்தவர்கள்தான் வாயைப் பிளந்தார்கள். பணம் எண்ணும் இயந்திரம், துப்பாக்கியோடு காவலுக்கு ஆள் என்று அது அப்போதே ஒரு சின்ன வங்கி மாதிரி ஆகியிருந்தது.

இதைக் 'கிராமத்தின் கூட்டுறவு', 'பழந்தமிழர் பொருளாதாரம்' என்று புகழ்ந்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். புகழட்டும். ஆனால் அதன் இன்னொரு முகத்தையும் பார்க்கவேண்டும். திருப்பி எழுத முடியாத வீட்டுக்கு அது நிம்மதியான விஷயமில்லை. ஆடி பிறந்தாலே அழைப்பிதழ் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றும் ஒரு பழைய கடன். நகையை அடகு வைத்து மொய் எழுதுகிறவர்கள் உண்டு, வட்டிக்கு வாங்கி எழுதுகிறவர்கள் உண்டு. வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக் கடன்! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதற்கப்புறம் கொரோனா. வரவேண்டிய மொய் பாதிகூட வரவில்லை என்று சொல்கிறவர்களை அங்கே இன்றைக்கும் பார்க்கலாம். எழுதாமல் போனவரை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை. ஆனால் நோட்டில் அந்த வரி அடிக்கப்படாமல் அப்படியே இருக்கும். அடுத்த தலைமுறை புரட்டும்போதும் இருக்கும்.

ஆக மொய் என்பது தர்மம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

புதுக்கோட்டையின் கிழக்கு இப்படியென்றால் மேற்கும் வடக்கும் வேறு மாதிரி. சமஸ்தான காலத்தில் மூன்று தாலுகா: ஆலங்குடி, திருமயம், குளத்தூர். திருச்சி எல்லையை ஒட்டியது குளத்தூர். ஒரு காலத்தில் அங்கேயே தனியாக ஒரு தொண்டைமான் கிளை ஆண்டு, 1750 வாக்கில் புதுக்கோட்டையோடு சேர்க்கப்பட்டது. இன்றைக்குத் தாலுகாவின் பெயர்தான் குளத்தூர், ஆபீஸ் இருப்பது கீரனூரில். பேரில் குளம் இருக்கிறது, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது மழையைப் பொறுத்தது. நார்த்தாமலையின் மொட்டைப் பாறைகளைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். செம்மண், சரளை, மானாவாரி. ஆலங்குடிப் பக்கம் போர் போட்டுத் தென்னை வைத்த மாதிரி இங்கே வைக்க முடியாது. நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரண்டு வரும். பொதுவாக இந்தப் பக்கத்து ஊர்களில் திருவிழாச் செலவு என்றால் தலைக்கட்டு வரிதான். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள், கொடுத்தால் நீ ஊர்க்காரன். அது மொய்யும் இல்லை, தர்மமும் இல்லை. ஊரில் இருப்பதற்கான கட்டணம்.

இப்படிப்பட்ட மண்ணில் மழை இரண்டு வருஷம் பொய்த்தால் என்ன ஆகும்? 1876இல் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் என்று பரவி, 1878 வரை இழுத்து, சுமார் 55 லட்சம் பேரைக் கொன்ற பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அரை கிலோவுக்கும் குறைவு. அதற்கு முழு நாள் மண் சுமக்கவேண்டும்.

அந்த நேரத்தில், 1877 ஆகஸ்டில், சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் போட்டு லண்டன் மேயருக்குத் தந்தி அடித்தார்கள். மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸ் பெயரில் ஒரு நிதி தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் பிரிட்டனில் 5 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. மாதாகோயில் வசூல், லங்காஷயர் ஆலை நகரங்களின் வசூல், ஆஸ்திரேலியக் காலனிகளின் வசூல். மொத்தமாக இந்திய மதிப்பில் முக்கால் கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு இது தலைகீழ்க் காட்சி. 'வெளிநாட்டில் இருக்கும் பாவப்பட்ட மக்களுக்காக' ஊர் ஊராக உண்டியல் குலுக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். அந்தப் பாவப்பட்ட வெளிநாட்டு மக்கள் நாம்.

நன்றி சொல்லவேண்டுமா? லங்காஷயரில் நெசவாலைத் தொழிலாளி போட்ட சில்லறைக்குச் சொல்லலாம். ஆனால் இங்கே பஞ்சம் தலைவிரித்தாடியபோதும் துறைமுகங்களிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை என்பதையும், வைஸ்ராய் லிட்டன் இந்தத் தனியார் வசூலையே விரும்பவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். சென்னையில் அந்த நிதியின் செயலாளராக இருந்தவர் வில்லியம் டிக்பி. பத்திரிகையாளர். அதற்கு முன்னால் கொழும்பில் 'சிலோன் அப்சர்வர்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். பஞ்சம் பற்றி 1878இல் அவர் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகள் இல்லையென்றால் நமக்கு இந்தக் கதையில் பாதி தெரிந்திருக்காது.

அந்த நிதியை எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான் நான் சொல்லவந்தது. பெரும் பகுதி, பஞ்சம் கொஞ்சம் தணிந்தபோது விதை வாங்கவும், மாடு வாங்கவும், இடிந்த வீட்டுக்குக் கூரை போடவும் விவசாயிகளுக்குப் போனது. அரசாங்கத்தின் கஞ்சித் தொட்டிக்கும் முகாமுக்கும் வரக் கூசியவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கொடுத்ததும் உண்டு. பசியால் சாகிற நிலையிலும் தொட்டி முன்னால் போய் நிற்கக் கூசியவர்கள் எத்தனையோ பேர். வாங்குகிறவனுக்கு வருகிற கூச்சம் பற்றி வெள்ளைக்காரக் கமிட்டிக்குக்கூடப் புரிந்திருந்தது.

இதே பஞ்சத்தில் மாயவரத்தில் தன் சொத்திலிருந்து கஞ்சி ஊற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். முன்சீப் வேலையிலிருந்து விலகி மாயவரத்தில் இருந்தார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சாவதற்குச் சற்று முந்தைய காலம் அது. கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைப் பாராட்டிக் கீர்த்தனையே பாடினார். நம் பாடப்புத்தகங்களில் அவர் 'முதல் தமிழ் நாவலாசிரியர்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகிறார். கஞ்சித் தொட்டி அந்த வரிக்குள் இடம்பெறவில்லை.

கஞ்சித் தொட்டிக்கும் போகாதவர்கள், போயும் பிழைக்க வழியில்லாதவர்கள் எங்கே போனார்கள்? கிழக்கே கடல் தாண்டிப் போனார்கள். 1877இல் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கையின் தோட்டங்களுக்குப் போனதாகக் கணக்கு. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று வறண்ட தாலுகாக்களிலிருந்து நடந்தே கடற்கரைக்கு, அங்கிருந்து தோணியில் மன்னாருக்கு, மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு. வழியில் காலராவில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. காபித் தோட்டங்களை இலைநோய் தின்றுகொண்டிருந்த நேரம் அது. பிறகு அதே மலைகளில் தேயிலை வந்தது. 1904இல் தோட்ட முதலாளிகள் கூலி பிடிக்கிற அமைப்பின் தலைமை அலுவலகத்தைத் திருச்சியில்தான் வைத்தார்கள். கீரனூரிலிருந்து ஒரு நாள் நடை. குளத்தூர் தாலுகாவுக்கு இலங்கை என்பது வாசலுக்கு வந்து கூப்பிட்ட நாடு.

கூப்பிட்டவர் கங்காணி. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். வழிச்செலவுக்கும் வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கும் முன்பணம் கொடுப்பார். அந்தப் பணத்தைத் தோட்டத்துரை கங்காணிக்குக் கொடுத்திருப்பார், கங்காணி அதைத் தொழிலாளியின் பேரில் எழுதுவார். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு எழுதினார் என்று வாங்கினவருக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தால்தானே? 1901க்குப் பிறகு கழுத்தில் ஒரு தகரப் பட்டை. அதில் தோட்டத்தின் எண் இருக்கும், அதைக் காட்டினால் தோட்டம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பயணச் செலவும் கடனில் ஏறும். ஆள் பேர் வேலைக்கு வந்தால் கங்காணிக்குத் தலைக்காசு.

இதில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாறவேண்டுமென்றால் துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருவார். இந்தக் கூட்டத்தின் மேல் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிற தோட்டம் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று. புதுத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் அடையாது, இடம் மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கூடும். துண்டு போகிற இடத்துக்கு ஆள் போகவேண்டும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழித்தார்கள்.

மொய் நோட்டையும் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரே மாவட்டத்து ஆட்கள், இரண்டுமே எழுதிவைத்த கடன், இரண்டுமே உறவையும் ஊரையும் பிடித்துக்கொண்டு ஓடியவை. மொய் நோட்டு அவரவர் வீட்டில் இருக்கும், எழுதியவரும் எழுதப்பட்டவரும் அடுத்த ஆடியில் இடம் மாறிக்கொள்ளலாம். துண்டில் இடம் மாறவே முடியாது. கடன் வாங்கினவர் ஒருநாளும் கடன் கொடுப்பவராக ஆகமாட்டார். எனக்குத் தெரிந்து கடனுக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இன்னொரு ஜோடி இல்லை.

அதன் பிறகு நடந்தது ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுதந்திரம் வாங்கிய இலங்கை 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மீதமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாக. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக, கொள்ளுத்தாத்தா விட்டுவிட்டுப் போன ஜில்லாக்களுக்கே நிறையப் பேர் திரும்பினார்கள். இங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. அங்கே 'இந்தியாக்காரங்க'.

1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள் வேறு: வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் போருக்குத் தப்பி வந்தவர்கள். திருமயம் பக்கம் லேணாவிலக்கு, ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை, அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலை என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்று முகாம்கள். மாவட்டத்து ரோடுகளில் இலங்கை இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது. டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் முகாம்க்காரராக இருக்கலாம். அதனால் 'வெளிநாட்டுக்கு உதவி' என்று இதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

ஈழத்துக்காகத் தமிழ்நாட்டில் உண்டியல் குலுக்காத கடைத்தெரு கிடையாது. ஆனால் சேர்த்ததை அனுப்புவது வேறு விஷயம். 2007இல் பழ. நெடுமாறன் யாழ்ப்பாணத்து மக்களுக்கென்று ஊர் ஊராக அரிசியும் மருந்தும் சேர்த்தார். மத்திய அரசு அனுப்ப அனுமதி தரவில்லை. படகில் கொண்டுபோகிறேன் என்று கிளம்பியவரைத் தடுத்துவிட்டார்கள். ஓர் ஆண்டு கழித்து, 2008 நவம்பரில், தமிழக அரசே நிவாரணப் பொருள்களைச் சென்னையிலிருந்து கப்பலில் அனுப்பியது, செஞ்சிலுவைச் சங்கம் வழியாக. கப்பல் போய்ச் சேர்ந்த அடுத்த ஆறு மாதத்தில் வன்னியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம்முடைய அரிசி எதையும் நிறுத்தவில்லை.

அந்த நினைவோடுதான் 2022ஐப் பார்க்கவேண்டும். ஏப்ரல் 12 அன்று இலங்கை, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 5,100 கோடி டாலர். மொய் வட்டாரத்து மொழியில் சொன்னால் நாட்டையே நோட்டில் அடிக்காமல் விட்டுவிட்டார்கள். பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே செத்தார்கள், பால்மாவுக்கு வரிசை, மருந்தில்லாமல் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது: 40,000 டன் அரிசி, 137 வகை மருந்துகள், 500 டன் பால்மாவு, மொத்தம் 123 கோடி ரூபாய். எதிர்க்கட்சியின் ஓ. பன்னீர்செல்வம் தன் பங்காக 50 லட்சம் தருவதாக அவையிலேயே சொன்னார். மக்களும் முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆலங்குடிப் பக்கத்து டீக்கடை வருவது இந்த இடத்தில்தான்.

தீர்மானத்தில் ஒரு நுட்பம் இருந்தது. முதலில் பேச்சு, இலங்கைத் தமிழர்களுக்கு உதவுவது என்றுதான். அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே, தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அவையில் சொன்னார். முள்ளிவாய்க்கால் நடந்து 13 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வேண்டுகோளின் எடை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது: 9,000 டன் அரிசி, 200 டன் பால்மாவு, 24 டன் மருந்து. மே 18 என்ன நாள் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூட்டைகளில் தமிழ்நாட்டு மக்களின் அன்புடன் என்ற பொருளில் அச்சிட்டிருந்தார்கள்.

சமூக வலைத்தளங்களில் அப்போது ஒரு சண்டை நடந்தது. சிங்களவனுக்கு எதற்கு அரிசி என்று ஒரு பக்கம், மனிதாபிமானம் என்று இன்னொரு பக்கம். இரண்டு தரப்பிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. கொடுப்பவர் மேலே இருக்கிறார், வாங்குகிறவர் கீழே கைநீட்டிக்கொண்டிருக்கிறார் என்கிற படம். தகுதியுள்ள கையா இல்லையா என்பதில் மட்டும்தான் சண்டை.

'மொய்' என்ற சொல் இந்தப் படத்தைக் கலைத்துவிடுகிறது. மொய் வாங்குகிறவரை யாரும் பாவம் என்று பார்ப்பதில்லை. பந்தலில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று வரவேற்கிறவர் அவர்தான். பணம் தேவைப்படுகிற ஆளே விருந்து வைக்கிறார், கொடுக்க வருகிற ஆள் அவர் வீட்டு விருந்தாளி. முதலில் சாப்பாடு, பிறகு பணம். சாப்பிட்டவர் எழுதவேண்டியவர் ஆகிவிடுகிறார். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று அந்த ஒரு மத்தியானத்தில் சொல்லவே முடியாது. மேன்ஷன் ஹவுஸ் கமிட்டி வீடு தேடிப் போய்த் தீர்க்கப்பார்த்த கூச்சத்தைப் பேராவூரணிக்காரர்கள் ஒரு பந்தி போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

2022இல் விருந்து வைத்தவர் பணம் தேவைப்பட்டவர் இல்லைதான். டீக்கடைக்காரர் அவருக்காக, அவர் இடத்தில் நின்று வைத்தார். குடும்பத்தில் அப்படிச் செய்வது வழக்கம். அண்ணன் வெளியூரில் இருந்தால் தம்பி பந்தலில் நின்று மொய் வாங்குவார், நோட்டில் அண்ணன் பெயர் இருக்கும். ஒரு வேளை அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

அந்தச் சொல் இப்போது நன்றாகவே ஊர் சுற்றுகிறது. 2017இல் அமெரிக்காவின் சில நகரங்களில் தமிழ்ச் சங்கத்தார் தமிழ்நாட்டு விவசாயிகளுக்காக மொய் விருந்து என்ற பெயரிலேயே நிதி திரட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் நாம் வெளிநாடு. 2024இல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக்கடை இலைபோட்டு மொய் விருந்து வைத்தது. இதிலெல்லாம் யாரும் நோட்டு வைத்து எழுதவில்லை, யாரும் திருப்பிச் செய்யப்போவதில்லை. கணக்கு கழன்றுபோய் விருந்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடகு வைத்து மொய் எழுதுகிற கீரமங்கலத்துக்காரர் ஒருவர் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் நியாயம்தான்.

கப்பலில் போன அரிசி கொழும்பில் இறங்கி, இலங்கை அரசின் கையில் ஒப்படைக்கப்பட்டு, மாவட்ட வாரியாகப் பிரிந்து போனது. ஜூனில் தூத்துக்குடியிலிருந்து அடுத்த கப்பல். மலையகத்தில் லயன் வீடுகளுக்கும் அந்த மூட்டைகள் போய்ச் சேர்ந்தன. லயன் என்றால் கங்காணி காலத்தில் கட்டிய வரிசை வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அங்கே வயதானவர்களிடம் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். பார்த்தே இராத பூர்வீக ஊரின் பெயரை ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாகச் சொல்வார்கள். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து தமக்கும் வந்த வரிசை அது. குடியுரிமை மனுக்களில் அதை எழுதவேண்டியும் இருந்தது. திருச்சி ஜில்லா என்பார்கள், சிலர் புதுக்கோட்டை சமஸ்தானம் என்பார்கள். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து இல்லாமலே போய்விட்டது. மொய் நோட்டில் எழுதுகிறவர் அவர்களிடம் "எந்த ஊரு?" என்று கேட்டால், குளத்தூர் தாலுகா என்று பதில் வரக்கூடும்.